இரத்தக் குழாயின் வயது

1

1894 ஜூன் 24 இரவு. பிரான்சின் லியோன் நகரில் விருந்து முடிந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த அதிபர் சாடி கார்னோவை ஓர் இத்தாலிய இளைஞன் கத்தியால் குத்தினான். கத்தி, ஈரலுக்குப் போகும் பெரிய சிரையை அறுத்துவிட்டது. ஊரின் சிறந்த அறுவை மருத்துவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் கிழிந்த இரத்தக் குழாயைத் தைக்கும் வழி அன்று யாரிடமும் இல்லை. சில மணி நேரத்தில் அதிபர் இறந்துபோனார்.

அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரலுக்கு இந்த மரணம் உறுத்திக்கொண்டே இருந்தது. துணியைத் தைக்க முடிகிறது, குழாயை மட்டும் ஏன் தைக்க முடியாது? லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த லெருதியே என்ற பூவேலைக்காரப் பெண்மணியிடம் போய் மிக மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாயின் வாயை மூன்று இடங்களில் நூல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேர்க்கோடாகத் தைத்துவிடலாம். 1902இல் அவர் வெளியிட்ட இந்த உத்தி இல்லாமல் இன்றைய பைபாஸ் கிடையாது, சிறுநீரக மாற்றும் கிடையாது. 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தக் குழாயைத் தைக்கக் கற்றுத்தந்த இந்த மனிதர்தான், அந்தக் குழாயை உண்டாக்கும் செல்களைப் பற்றி உலகத்தையே ஐம்பது வருடம் தவறாக நம்ப வைத்தவரும்.

2

நோபல் பரிசு கிடைத்த அதே ஆண்டு, 1912 ஜனவரி 17 அன்று, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் காரல் ஒரு சோதனையைத் தொடங்கினார். கோழிக் கருவின் இதயத்திலிருந்து சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் கலத்தில் இட்டு, ஊட்டம் கொடுத்து வளர்த்தார். உடலுக்கு வெளியே திசுவை உயிரோடு வைக்கலாம் என்று ராஸ் ஹாரிசன் 1907இல் தவளையின் நரம்பைக் கொண்டு காட்டி ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காரல் ஒரு படி மேலே போனார். சரியாகக் கவனித்துக்கொண்டால் செல்களுக்குச் சாவே இல்லை என்றார். உடல் சாகிறது, ஏனென்றால் அது உடல். செல்லுக்கு அந்தத் தலைவிதி இல்லை.

அந்தத் துண்டு சாகவில்லை. மாதங்கள் போயின, வருடங்கள் போயின. இதயத்தின் துடிப்பு எப்போதோ நின்று, வெறும் இணைப்புத் திசுச் செல்கள்தான் மிச்சம். இருந்தாலும் அவை பெருகிக்கொண்டே இருந்தன. காரலின் உதவியாளர் ஆல்பர்ட் எபெலிங் அதைப் பொறுப்பேற்றுக்கொண்டார். நியூயார்க் பத்திரிகைகள் அந்தக் கோழி இதயத்தின் 'பிறந்தநாளை' எழுதின. ஆய்வகத்தில் எல்லாரும் கறுப்பு அங்கியும் தலைமூடியும் அணிந்து வேலை செய்தார்கள் என்ற செய்தி கதைக்கு இன்னும் மெருகேற்றியது. 1944இல் காரல் இறந்தார். அந்த வளர்ப்பு 1946 வரை தொடர்ந்தது. மொத்தம் 34 ஆண்டுகள். எந்தக் கோழியும் அவ்வளவு நாள் வாழ்வதில்லை.

இதில் ஒரு சிக்கல். வேறு யாராலும் இதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. உலகின் மற்ற ஆய்வகங்களில் செல்கள் கொஞ்ச காலம் நன்றாக வளர்ந்தன, பிறகு நின்றுவிட்டன. அறிவியலில் ஒரு சோதனையை மற்றவர்களால் திரும்பச் செய்ய முடியாவிட்டால் முதலில் அந்தச் சோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ். எல்லாரும் தங்களையே சந்தேகித்துக்கொண்டார்கள். தண்ணீர் சரியில்லை, சீரம் சரியில்லை, கண்ணாடியைச் சரியாகக் கழுவவில்லை, கை சுத்தமில்லை. நோபல் பரிசு பெற்றவரின் செல் சாகாமலிருக்கும்போது நம்முடைய செல் செத்தால் தப்பு நம்மிடம்தானே இருக்க வேண்டும்? எத்தனை மாணவர்கள் அரை நூற்றாண்டாக இப்படி நினைத்துத் தங்கள் குறிப்பேட்டை மூடியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 'வளர்ப்பு கெட்டுவிட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். தோற்றுப்போன சோதனையை யார் வெளியிடுவார்கள்?

காரலின் வளர்ப்பில் உண்மையில் என்ன நடந்தது? அவர் ஊட்டமாகக் கொடுத்தது கோழிக் கருவை அரைத்துப் பிழிந்த சாறு. அதை வடித்துச் சுத்தப்படுத்தும் முறை அவ்வளவு துல்லியமானதல்ல. ஒவ்வொரு முறை சாறு ஊற்றும்போதும் புதிய, இளம் செல்கள் சில அதோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் பிற்காலத்தில் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். அந்த ஆய்வகத்துக்குப் போயிருந்த உயிரியலாளர் ஒருவர், அங்கு வேலை செய்த பெண் தன்னிடம் சொன்னதைப் பல ஆண்டுகள் கழித்து வெளியே சொன்னார்: வளர்ப்பு செத்துப்போனால் டாக்டர் வருத்தப்படுவார் என்று அவ்வப்போது கொஞ்சம் கருச் செல்களைச் சேர்த்துவிடுவார்களாம். காரலுக்கு இது தெரியுமா, தெரியாதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

யயாதி கதை ஞாபகம் வருகிறது. கிழட்டு அரசன் மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு இன்னும் பல்லாண்டு இளைஞனாக வாழ்கிறான். சபைக்கு அவன் இளமைதான் தெரியும், அது யாருடையது என்பது தெரியாது. காரலின் கலத்திலும் சாகாமல் இருந்தது அந்தப் பழைய இதயமல்ல. தினம் தினம் கொடுக்கப்பட்ட கருக்களின் இளமை.

காரலின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். 1935இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற அவருடைய 'மனிதன், அறியப்படாதவன்' நூலில், தகுதியற்றவர்களைச் சமூகத்திலிருந்து அகற்றுவதற்கு ஆதரவாக எழுதினார். நாஜி ஆக்கிரமிப்பின்போது விஷி அரசின் ஆதரவில் ஒரு நிறுவனத்தை நடத்தினார். சாகாத செல்லைக் கனவு கண்டவரிடம் சாதாரண மனிதர்களின் பலவீனத்துக்கு இடமில்லை என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

3

1950களின் முடிவில் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃபிளிக் என்ற இளைஞர் மற்ற ஆய்வாளர்களுக்காகச் செல்களை வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். மனிதக் கருவின் திசுவிலிருந்து எடுத்த செல்கள். அவையும் எல்லார் செல்களையும் போலவே கொஞ்ச காலத்தில் நின்றன.

ஹேஃபிளிக் கவனித்த விஷயம் எளிமையானது. நின்றுபோனவை எல்லாம் பழைய வளர்ப்புகள். அதே நாளில், அதே ஊட்டத்தில், அதே கையால் கவனிக்கப்பட்ட புது வளர்ப்புகள் நன்றாக வளர்ந்தன. தண்ணீரோ சீரமோ கெட்டிருந்தால் எல்லாமே சேர்ந்து சாக வேண்டுமே? பழையது மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்துச் சாகும்?

குரோமோசோம் நிபுணர் பால் மூர்ஹெட்டோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். பல முறை பிரிந்து கிழடான ஆண் செல்களையும், சில முறை மட்டுமே பிரிந்த பெண் செல்களையும் சம அளவில் ஒரே கலத்தில் கலந்தார்கள். ஆணா பெண்ணா என்று குரோமோசோமைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் வளர்ச்சியை நிறுத்திய சமயத்தில் கலப்புக் கலத்தைத் திறந்து பார்த்தார்கள். அதில் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. கிழவர்கள் போய்விட்டார்கள், இளையவர்கள் இருக்கிறார்கள். தப்பு கலத்தில் இல்லை, செல்லுக்குள் இருக்கிறது.

மனிதக் கருச் செல்கள் ஏறக்குறைய 50 முறை இரட்டிக்கும், பிறகு நிற்கும். உறையவைத்து மாதக்கணக்கில் வைத்தாலும் எந்த எண்ணில் விட்டனவோ அங்கிருந்தே தொடரும். நாட்களை அவை எண்ணுவதில்லை, எத்தனை முறை பிரிந்தோம் என்பதைத்தான் எண்ணுகின்றன. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடியும். பொறியியலில் இதற்குக் களைப்பு என்றே பெயர். அங்கேயும் கணக்கு நாட்களில் இல்லை, சுற்றுகளில்தான்.

50 என்பது சிறிய எண் என்று தோணலாம். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் 50 முறை இரட்டித்தால் பத்துக் கோடிக் கோடிச் செல்கள். நம் உடலில் இருப்பதே ஏறக்குறைய 37 லட்சம் கோடிதான். எல்லை இருக்கிறது, ஆனால் அது கஞ்சத்தனமான எல்லை இல்லை.

கட்டுரையை ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மருத்துவ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் பேட்டன் ரவுஸ் திருப்பி அனுப்பிவிட்டார். பெருகும் ஆற்றலுள்ள செல்களுக்குச் சரியான சூழலைக் கொடுத்தால் முடிவில்லாமல் பெருகும், ஐம்பது ஆண்டு செல் வளர்ப்பு கண்டறிந்த மிகப் பெரிய உண்மை அதுதான் என்பது அவருடைய பதிலின் சாரம். இதில் கசப்பான ஒரு விஷயம் உண்டு. கோழிகளில் வைரஸால் புற்றுநோய் வரலாம் என்று 1911இலேயே காட்டி, பல்லாண்டுகள் யாரும் நம்பாமல் ஒதுக்கிவைத்த அதே ரவுஸ்தான் இவர். அவருக்கே நோபல் 1966இல்தான் வந்தது. நம்பப்படாமல் இருப்பதன் வலி தெரிந்தவரும் அடுத்தவரை நம்பவில்லை. கட்டுரை 1961இல் வேறோர் இதழில் வெளிவந்தது. 1974இல் மெக்ஃபார்லேன் பர்னெட் இதற்கு 'ஹேஃபிளிக் எல்லை' என்று பெயர் வைத்தார்.

அப்படியென்றால் அதுவரை ஆய்வகங்களில் முடிவில்லாமல் வளர்ந்த செல்கள்? 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவர் சம்மதம் கேட்காமலே எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை புற்றுநோய்ச் செல்கள். சாகாமல் இருப்பது செல்லின் இயல்பு இல்லை, அதன் நோய் என்று புரிய ஆரம்பித்தது.

4

இனி இரத்தக் குழாய்க்கு வருவோம்.

குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. எண்டோதீலியம். இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான். ஒரு காலத்தில் அதை உட்கரு வைத்த வெறும் செலோஃபேன் தாளாகத்தான் பார்த்தார்கள் என்று, பெனிசிலின் புகழ் ஹோவர்ட் ஃபுளோரி 1966இல் நினைவுகூர்ந்தார். இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது, குழாயைத் தளர்த்துவது, வெள்ளணுக்களை எங்கே உள்ளே விடுவது என்று முடிவெடுப்பது எல்லாம் அந்தத் தாளின் வேலை என்று தெரியவந்தது பிறகுதான். தெரிய வேண்டுமென்றால் அதைத் தனியாக எடுத்து வளர்க்க வேண்டும். அதுதான் முடியவில்லை. எடுத்தால் தசைச் செல்களும் கலந்து வந்தன. வளர்ந்தாலும் வளர்ந்தது எண்டோதீலியம்தான் என்று நிரூபிக்க வழியில்லை.

1973இல் நியூயார்க்கின் கார்னல் மருத்துவக் கல்லூரியில் எரிக் ஜாஃபியும் தோழர்களும் ஒரு வழி கண்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு குப்பைக்குப் போகும் தொப்புள்கொடி. அதன் சிரைக்குள் கொலாஜினேஸ் என்ற நொதியை நிரப்பி, சற்று நேரம் வைத்து, கழுவி எடுத்தால் உட்பக்கச் செல்கள் மட்டும் உரிந்து வரும். ஒரு வாரத்தில் அவை தட்டு முழுக்கக் கூழாங்கல் பாவிய தரை மாதிரிப் பரவிக்கொள்ளும். எண்டோதீலியத்தில் மட்டும் காணப்படும் கோல் வடிவப் பொதிகள் உள்ளே இருப்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ்டனில் மைக்கேல் கிம்ப்ரோனின் குழுவும் இதைச் செய்தது. இரத்தக் குழாய் உயிரியல் என்ற துறையே இந்தக் குப்பையிலிருந்து எழுந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இந்தச் செல்கள் 50 முறையெல்லாம் இரட்டிக்கவில்லை. சில முறை தட்டு மாற்றியதும் மெதுவாகி, பருத்து, நின்றுவிட்டன. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ஹேஃபிளிக்குக்குப் பிறகு இதற்கு எளிய பதில் தயாராக இருந்தது: எல்லை வந்துவிட்டது, வயதாகிவிட்டது, விடுங்கள். முன்பு எல்லாத் தோல்விக்கும் 'கை சரியில்லை' என்றார்கள். இப்போது எல்லாத் தோல்விக்கும் 'வயதாகிவிட்டது' என்று சொல்லிவிடும் ஆபத்து. இரண்டுமே யோசிப்பதை நிறுத்திவிடும் பதில்கள்தான்.

சிலர் நிறுத்தவில்லை. புற்றுக்கட்டி தனக்கென்று புது இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று 1971இல் எழுதிப் பலரின் கேலிக்கு ஆளான ஜூடா ஃபோக்மன், மிக நுண்ணிய தந்துகிகளின் செல்களை வளர்த்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். தட்டின் மேல் ஜெலட்டின் பூசி, கட்டிச் செல்கள் வளர்ந்த திரவத்தையே ஊட்டமாகக் கொடுத்து, 1979இல் அவருடைய குழு அவற்றை நீண்ட நாள் வளர்த்துக் காட்டியது. அதே ஆண்டு தாமஸ் மேசியாக், மாட்டு மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து எண்டோதீலியத்தை வளர்க்கும் ஒரு காரணியைப் பிரித்தெடுத்தார். 1983இல் அந்தக் காரணியோடு ஹெப்பாரினையும் சேர்த்தால் மனிதச் செல்கள் இன்னும் பல தலைமுறைகள் போகும் என்று இன்னொரு குழு கண்டது. ஹெப்பாரின் என்பது மருத்துவமனையில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அதே மருந்துதான்.

ஆக, ரவுஸ் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. சூழல் சரியில்லாமல்தான் அந்தச் செல்கள் சீக்கிரம் நின்றன. சூழலைச் சரிசெய்ததும் நீண்ட தூரம் போயின. ஆனால் மறுபாதி ஹேஃபிளிக்குடையது. எவ்வளவு கொடுத்தாலும் கடைசியில் நின்றன. பசியால் நிற்பது வேறு, வயதால் நிற்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பசியை முழுக்கத் தீர்த்துவைத்த பிறகுதான் வயது எது என்று கண்ணுக்குத் தெரியும். அறுபது வருடச் சண்டையை இரத்தக் குழாய்ச் செல்கள் இப்படித் தீர்த்துவைத்தன என்பதுதான் என் வாசிப்பு.

மேசியாக் இன்னொரு எட்டும் வைத்தார். 1990இல் அவருடைய குழு, வயதான எண்டோதீலியச் செல்களில் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் கூடியிருப்பதைக் கண்டது. அது உருவாகாமல் தடுத்தபோது செல்களின் ஆயுள் நீண்டது. தடையை விலக்கியதும் அவை பழையபடி முதுமைக்குத் திரும்பின. செல்லின் முதுமை என்பது சும்மா தேய்ந்து போவது மட்டுமல்ல. நின்றுபோன செல் சாவதில்லை. மாதக்கணக்கில் உயிரோடு உட்கார்ந்து, சுற்றியிருப்பவர்களை எரிச்சலூட்டும் பொருள்களைச் சுரந்துகொண்டிருக்கிறது.

5

பிரிந்த எண்ணிக்கையைச் செல் எங்கே எழுதிவைக்கிறது? பதிலின் முதல் கீற்று மாஸ்கோவில், ஒரு மெட்ரோ நிலையத்தில் கிடைத்தது. ஹேஃபிளிக் எல்லை பற்றிய உரை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த அலெக்சி ஒலோவ்னிகோவ், நடைமேடைக்கு வந்து நின்ற ரயிலைப் பார்த்தபோது யோசித்தார். தண்டவாளம்தான் டிஎன்ஏ. அதன் மேல் ஓடிக்கொண்டே நகலெடுக்கும் இயந்திரம் ரயில். ரயில் நின்றிருக்கும் இடத்தின் அடியிலுள்ள தண்டவாளத்தை அது எப்படி நகலெடுக்கும்? ஒவ்வொரு முறையும் நுனியில் கொஞ்சம் விடுபட்டுப் போகும். 1971இல் ரஷ்ய மொழியில் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் வாட்சனும் நுனியை நகலெடுக்கும் சிக்கலைச் சுட்டிக்காட்டினார்.

குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. தேய்வதெல்லாம் அதில்தான். எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் இதைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2009இல் நோபல் பெற்றார்கள். தேய்ந்த நுனியை மறுபடி நீட்டிவிடும் டெலோமெரேஸ் என்ற நொதியும் உண்டு. நம் உடலின் பெரும்பாலான செல்களில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் விழித்திருக்கிறது.

1995இல் எட்வின் சாங்கும் கால்வின் ஹார்லியும் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது. இரத்தக் குழாய்ச் செல்களின் டெலோமியர் நீளத்தை, தட்டில் மட்டுமல்லாமல், வெவ்வேறு வயதினரின் குழாய்களிலிருந்து எடுத்த செல்களிலும் அளந்தார்கள். இடுப்புப் பகுதியில் காலுக்குப் பிரியும் தமனியின் எண்டோதீலியத்தில் ஆண்டுக்கு 102 எழுத்துகள் குறைந்தன. அதன் பக்கத்திலேயே ஓடும் சிரையில் 47 மட்டும். ஒரே மனித உடல், ஒரே இடம். ஒன்றில் இதயத்தின் அழுத்தம் அடித்துக்கொண்டே இருக்கிறது, மற்றதில் இரத்தம் சாந்தமாகத் திரும்புகிறது. அடி படும் இடத்தில் செல்கள் அதிகம் உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தை நிரப்பப் பக்கத்துச் செல் பிரிய வேண்டும். பிரிந்தால் எண்ணிக்கை கூடும்.

குழாய் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நேரான குழாயில் பிரச்சினை வராது. முழங்கையிலும் கிளை பிரியும் இடத்திலும்தான் வரும். நீரோட்டம் அங்கே சுழலும், தயங்கும், திரும்பி அடிக்கும். தமனிகளில் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாவதும் பெரும்பாலும் இதே வளைவுகளிலும் கவைகளிலும்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரே ஒரு வயது இருக்கிறது. உள்ளே ஓடும் குழாய்க்கோ சாணுக்குச் சாண் ஒரு வயது.

2002இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் தோரு மினாமினோவின் குழு இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தது. முதுமையடைந்த செல்களை நீலமாக மாற்றிக் காட்டும் ஒரு சாயச் சோதனை 1995இலிருந்தே இருந்தது. அதை மனித இதயத்தின் தமனிகளில் செய்து பார்த்தார்கள். அடைப்பு இருந்த இடத்தில் எண்டோதீலியம் நீலமாகியது. மார்புக்கூட்டின் உட்புறம் ஓடும் தமனியில் நீலம் வரவில்லை. பைபாஸ் செய்யும் மருத்துவர்கள் மாற்றுக் குழாயாக முதலில் தேடுவது இதே மார்புத் தமனியைத்தான். அது நீண்ட நாள் அடைபடாமல் இருக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. தட்டில் நின்றுபோன செல்லை எவ்வளவோ பேர் 'ஆய்வகத்தின் கோளாறு' என்று தள்ளியிருந்தார்கள். அந்தக் கோளாறு நம் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

6

தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்தார்கள்? குழாயையே புதிதாக வளர்க்கப் பார்த்தார்கள். 1999இல் லாரா நிக்லாசன், பன்றியின் தமனிச் செல்களைக் கரைந்துபோகும் சட்டகத்தின் மேல் விதைத்து, இதயத் துடிப்பைப் போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்து, எட்டு வாரத்தில் தமனி போன்ற குழாயை வளர்த்தார். அதையே மனிதச் செல்களில் செய்யப் போனபோது பழைய சுவர் குறுக்கே வந்து நின்றது. புதுக் குழாய் தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களின் செல்களில் மிச்சமிருக்கும் இரட்டிப்புகள் குறைவு. சுவர் கட்டி முடிப்பதற்குள் கொத்தனார்களுக்கு வயதாகிவிடுகிறது.

டெலோமெரேஸை உள்ளே செலுத்தினால் மனிதச் செல்களின் ஆயுள் நீளும் என்று 1998இல் நிரூபணமாகியிருந்தது. அடுத்த ஆண்டே எண்டோதீலியத்திலும் அது வேலை செய்தது. நிக்லாசனின் குழு அதே வழியில் 2003இலும், வயதான நோயாளிகளின் செல்களை வைத்து 2005இலும் குழாய்களை வளர்த்துக் காட்டியது. ஆனால் புற்றுநோய் பயன்படுத்தும் அதே சாவியை நோயாளியின் உடலுக்குள் விட யாருக்குத்தான் தைரியம் வரும்? அந்த எல்லை வெறும் குறைபாடு இல்லை. கட்டுமீறிப் பெருகும் செல்லுக்கு உடல் போட்டுவைத்த வேலியும் அதுதான். வேலியைப் பிடுங்கித்தான் வீடு கட்ட வேண்டுமென்றால் அந்த வீடு எதற்கு?

கடைசியில் அவர்கள் கண்ட வழி, காரலின் கனவுக்கு நேர் எதிரானது. கொடையாளர்களின் செல்களைச் சட்டகத்தில் வளரவிட்டார்கள். அவை தங்களைச் சுற்றிக் கொலாஜன் போன்ற புரதங்களை நெய்து ஒரு குழாயைக் கட்டுகின்றன. கட்டி முடிந்ததும் செல்களை முழுக்கக் கழுவி நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது செல்களே இல்லாத சுவர். அன்னியச் செல் இல்லாததால் உடல் அதை விரட்டுவதில்லை. யாருக்கென்று குறித்துச் செய்ய வேண்டியதும் இல்லை, அலமாரியில் எடுத்துவைக்கலாம். பொருத்திய பிறகு நோயாளியின் சொந்தச் செல்கள் மெல்ல அதற்குள் குடியேறுகின்றன. 2022இல் உக்ரைன் போரில் காயம்பட்டவர்களுக்கு இது பயன்பட்டது. 2024 டிசம்பரில், கை கால் தமனிகளில் அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய காயத்துக்கு, நோயாளியின் சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாத நிலையில் பொருத்த, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. கடுமையான எச்சரிக்கைக் குறிப்போடுதான். இது மந்திரக் குழாய் இல்லை. ஆனாலும் கத்திக் குத்தில் தமனி அறுந்து வருபவருக்கு இன்று அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுக்க முடிகிறது.

அந்த அனுமதிக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2024 ஆகஸ்டில் ஹேஃபிளிக் தன் 96ஆவது வயதில் இறந்தார். செல்களுக்கு முடிவுண்டு என்று சொன்னவர் நீண்ட நாள் வாழ்ந்தார். அவர் காட்டியது ஓர் எண்ணை மட்டும் இல்லை. அவருக்கு முன்பும் ஆயிரம் பேர் செல்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பார்த்தது சரியான உண்மை, எழுதியது 'கெட்டுவிட்டது' என்று. ஹேஃபிளிக் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பழையது எது, புதியது எது என்று கேட்டார்.

நம் எல்லாருடைய மேசையிலும் இப்படி மூடிவைத்த குறிப்பேடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆய்வகம் என்றில்லை. எழுத்திலும், வேலையிலும், வீட்டிலும், பெரியவர் ஒருவர் சொன்னது நமக்கு நடக்கவில்லை என்பதால் நம் கையைக் குற்றம் சொல்லி ஒதுக்கியவை. அவற்றில் பல நிஜமாகவே கை சரியில்லாதவையாக இருக்கலாம், எண்டோதீலியம் பசியில் நின்றதைப் போல. ஆனால் எல்லாமே அப்படித்தானா என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.